4097-இல் அந்த ஒன்று: லினக்ஸ் கெர்னல் பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் கெர்னலைப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் தஞ்சாவூரில் சின்னச் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பவன். ஒரு அச்சகம், ஒரு ஆடிட்டர் ஆபீஸ், இரண்டு போட்டோ ஸ்டுடியோ. எல்லா இடத்திலும் சர்வர் என்று ஒரு பெட்டி மூலையில் இருக்கும். அதில் லினக்ஸ் ஓடும்; அதன் நடுவில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் நிரல்தான் கெர்னல். பல வருடமாக எனக்குச் சோறு போடுவது நீங்கள் எழுதித் தந்த நிரல்தான். அதனால் இதை எதிராளியின் கடிதமாகப் படிக்க வேண்டாம். தமிழில் எழுதக் காரணம் உண்டு. என்னைப் போலவே மூலையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் அப்டேட் போடுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். உங்களோடு சேர்த்து அவர்களும் இதைப் படிக்க வேண்டும். உங்களுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்வார்கள்.

விஷயம் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற, டிஸ்கில் கோப்புகளை வைத்துக் காக்கும் ஃபைல் சிஸ்டம் பற்றியது. முதலில் ஒரு போட்டோவைச் சொல்லிவிடுகிறேன்.

2017-இல் ஸ்டுடியோ ஒன்றுக்கு ஒரு பெண் வந்தார். 2009-இல் அவருக்குக் கல்யாணம். அந்த ஸ்டுடியோதான் படம் எடுத்தது. அப்பா அப்போதுதான் இறந்திருந்தார். அவர் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் படத்தைப் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று கேட்டார். கோப்பு இருந்தது. திறந்தோம். மேலே பந்தல் பூ தெரிந்தது, பின்னால் நின்ற சொந்தக்காரர்களின் தலைகள் தெரிந்தன, அப்பாவின் நெற்றித் திருநீறு வரை தெரிந்தது. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். இரண்டு டிஸ்கில் ஒரே தரவை எழுதும் மிர்ரர் இருந்தது. பேக்கப்பும் இருந்தது. பேக்கப்பிலும் அதே சாம்பல்தான். எப்போதோ ஒரு நாள் டிஸ்கில் சில பிட்டுகள் புரண்டிருக்கின்றன, யாருக்கும் தெரியவில்லை, கெட்டுப்போன கோப்பையே ஒவ்வொரு பேக்கப்பும் ஒழுங்காக நகலெடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்கிரீனில் தெரிந்த பாதி நெற்றியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே இசட்எஃப்எஸ்ஸுக்கு மாறினேன். தரவின் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, அதை அந்தப் பிளாக்கோடு வைக்காமல் மேலே இருக்கும் சுட்டியில் வைக்கும் ஃபைல் சிஸ்டம் அது. படிக்கும்போது கணக்கு ஒத்துவராவிட்டால், மிர்ரரின் இன்னொரு பக்கத்திலிருந்து நல்ல நகலை எடுத்துக் கெட்டதைத் திருத்தி எழுதிவிடும். மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓட்டினால் யாரும் திறக்காத கோப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும். ஒருநாள் காலை நிலையைப் பார்த்தபோது ஒரு டிஸ்குக்கு நேரே செக்சம் பத்தியில் 14 என்று இருந்தது. பெட்டியைத் திறந்தால் டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிள் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தப் பதினான்கும் திருத்தப்பட்டுவிட்டன. பழைய அமைப்பாக இருந்திருந்தால் அவை பதினான்கு பாதி முகங்களாகியிருக்கலாம்.

சரி, இதில் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது?

அந்தப் பெட்டி ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் கெர்னல் பதிவில் ஒரு வரி வரும். இசட்எஃப்எஸ் மாட்யூலின் (கெர்னலில் ஏற்றப்படும் துணை நிரல்) உரிமம் சிடிடிஎல், அது கெர்னலைக் கறைப்படுத்துகிறது என்று. அடுத்த வரியில், கறை படிந்ததால் லாக் டீபக்கிங்கை (பூட்டுச் சிக்கல்களைத் தேடும் வசதியை) நிறுத்துகிறேன் என்று. ஒவ்வொரு வகைக் கறைக்கும் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் உண்டு. கறை எவ்வளவு என்று கெர்னலிடமே கேட்டால் 4097 என்கிறது. அதில் 4096, கெர்னல் மரத்துக்கு (உங்கள் மூலநிரல் தொகுப்புக்கு) வெளியே எழுதப்பட்ட மாட்யூல் ஏறியிருக்கிறது என்பதற்கு. உண்மை, ஒப்புக்கொள்கிறேன். மீதி 1, தனியுடைமை மாட்யூல் ஏறியிருக்கிறது என்பதற்கு. இந்த ஒன்றைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இசட்எஃப்எஸ் தனியுடைமை இல்லை. 2001-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கிய வேலை அது. 2005-இல் சன்னின் திறமூல இயங்குதளமான ஓப்பன்சோலாரிஸோடு சேர்ந்து அதன் மூலநிரல் முழுவதும் வெளியே வந்தது. அதற்கு இட்ட சிடிடிஎல் உரிமத்தைத் திறமூல முன்னெடுப்பு அமைப்பான ஓஎஸ்ஐ அதே ஆண்டு ஜனவரியில் ஏற்றுக்கொண்டது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம்; மாற்றிய கோப்பைப் பகிர்ந்தால் அதன் மூலநிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும். உங்கள் கெர்னலின் உரிமமான ஜிபிஎல்லைப் போலவே இதுவும் அளிப்புரிமை பேசும் உரிமம்தான். வித்தியாசம் ஒன்றே. ஜிபிஎல் முழு நிரலையும் ஒரே குடைக்குக் கீழே கேட்கிறது. சிடிடிஎல் தன் கோப்புகளை மட்டும் தன் குடைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டையும் ஒட்டி, கம்ப்யூட்டர் நேரே ஓட்டும் ஒரே பைனரியாக ஊருக்குக் கொடுக்கும்போது, 'எல்லாம் என் உரிமத்தில்' என்று ஒன்றும், 'என் கோப்புகள் என் உரிமத்தில்தான்' என்று மற்றதும் சொல்வதால் முட்டிக்கொள்கிறது. இரண்டு நல்ல உரிமங்களுக்கு நடுவில் வந்த சிக்கல் இது. மூலநிரலைப் பூட்டி வைத்துக்கொண்டு பைனரியை மட்டும் நீட்டும் நிறுவனத்தின் கதையே வேறு. உங்கள் கறைக் கணக்கில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.

கெர்னல் பக்கத்தில் நடப்பதை இங்குள்ள வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெர்னலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான செயற்கூறுகளில் (ஃபங்ஷன்களில்) சிலவற்றை மாட்யூல்கள் கூப்பிட்டுக்கொள்ள நீங்கள் வெளியே விடுகிறீர்கள். அப்படி விடுவதற்கு இரண்டு வாசல்கள். 'எக்ஸ்போர்ட் சிம்பல்' என்பது எல்லாருக்கும். 'எக்ஸ்போர்ட் சிம்பல் ஜிபிஎல்' என்பது, தன் உரிமம் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகிறது என்று அறிவித்த மாட்யூல்களுக்கு மட்டும். 2001-இல் வந்த ஏற்பாடு. மாட்யூலை ஏற்றும்போது அதன் உரிமச் சரத்தைக் கெர்னல் படிக்கும். தன்னிடம் உள்ள சின்னப் பட்டியலில் அந்தப் பெயர் இருந்தால் உள்ளே விடும், இல்லாவிட்டால் தனியுடைமை என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது வாசலைச் சாத்திவிடும்.

இந்த இரண்டாவது வாசலுக்கு நீங்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்த காரணம். சில செயற்கூறுகள் கெர்னலின் குடலுக்குள் இருப்பவை. அவற்றைத் தொட்டு எழுதப்பட்ட எதுவும் கெர்னலிலிருந்து வழிவந்த படைப்பாகத்தான் இருக்க முடியும், எனவே அது ஜிபிஎல்லில் இருக்க வேண்டும். நியாயம். ஜிபிஎல் இல்லாமல் என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். 2003-இல் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டரின் மூலநிரல் வெளியே வந்தது ஜிபிஎல் இருந்ததால்தான். அதிலிருந்துதான் ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது. ஆடிட்டர் ஆபீஸின் ரவுட்டரில் இன்றும் அதுதான் ஓடுகிறது. ஜிபிஎல்லைத் தளர்த்துங்கள் என்று கேட்க நான் வரவில்லை. அது என்ன சொல்கிறதோ அதை அப்படியே கடைப்பிடியுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் பிரிவு 0-ஐ எடுத்துப் பாருங்கள். நகலெடுத்தல், பகிர்தல், மாற்றுதல் தவிர்த்த மற்றச் செயல்கள் இந்த உரிமத்தின் எல்லைக்கு வெளியே. நிரலை ஓட்டுவதற்குத் தடையில்லை. பிரிவு 2-இல், மாற்றிய படைப்பு முழுவதும் ஜிபிஎல்லில் இருக்க வேண்டும் என்ற கடமை, பகிர்ந்தால் அல்லது வெளியிட்டால்தான் வருகிறது. கட்டற்ற மென்பொருள் இயக்கம் எண்ணும் நான்கு சுதந்திரங்களில் முதலாவதற்கு எண் சுழியம். எந்த நோக்கத்துக்காகவும் நிரலை ஓட்டும் சுதந்திரம் அது. மற்ற மூன்றும் அதன் மேல்தான் நிற்கின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பிரிவு 52-ம், முறையாகக் கையில் வைத்திருக்கும் நிரலை, அது தரப்பட்ட நோக்கத்துக்குப் பயன்படுத்துவதற்காக நகலெடுப்பதும் தகவமைப்பதும் மீறல் ஆகாது என்கிறது.

நான் செய்வது இதுதான். லினக்ஸைத் தொகுத்துத் தரும் டெபியன் குழுவின் கெர்னலை நிறுவுகிறேன். டெபியன் தரும் இசட்எஃப்எஸ் மூலநிரலையும் நிறுவுகிறேன். அவர்கள் அதைப் பைனரியாகத் தருவதில்லை. மூலநிரலாக மட்டும், அதுவும் தனிப் பிரிவில் வைத்துத் தருகிறார்கள். உரிமத்துக்கு அவ்வளவு மரியாதை கொடுப்பவர்கள் அவர்கள். என் பெட்டியில் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைக் கம்பைல் செய்கிறது. பதினைந்து நிமிடம் ஃபேன் கத்தும். அந்த மாட்யூல் அந்தப் பெட்டியை விட்டு எங்கும் போவதில்லை. யாருக்கும் நான் பகிரவில்லை. இதில் எந்த உரிமத்தின் எந்தப் பிரிவை மீறினேன்?

2016 ஏப்ரலில் இன்னொரு லினக்ஸ் தொகுப்பான உபுண்டு 16.04-இல் இசட்எஃப்எஸ் மாட்யூலைப் பைனரியாகவே கட்டித் தந்தார்கள். அது ஜிபிஎல் மீறல் என்று கட்டற்ற மென்பொருளுக்காக இயங்கும் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி அமைப்பு சொன்னது. வேறு வழக்கறிஞர்கள் வேறு மாதிரி வாதிட்டார்கள். அந்த வழக்கு வேறு, அது பகிர்வைப் பற்றியது. அதில் எனக்கு ஒரு கருத்து உண்டு, ஆனால் இந்த மடலுக்கு அது வேண்டாம். நான் பேசுவது ஓட்டுகிறவனைப் பற்றி.

இந்த வித்தியாசத்தை உங்களுக்குள்ளேயே ஒருவர் ரொம்பத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 2006 டிசம்பரில் உங்களில் இன்னொருவரான கிரெக் க்ரோ-ஹார்ட்மன் ஒரு பேட்ச் (நிரல் மாற்றம்) கொண்டுவந்தார். ஜிபிஎல் அல்லாத மாட்யூல்களை ஏற்றினால் முதலில் எச்சரிக்கை, 2008 முதல் ஏற்றவே முடியாது. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதை ஏற்கவில்லை, நான் சொல்லும் அந்த ஒருவர் அவர்தான். அவர் சொன்னதன் சாரம் இது: பதிப்புரிமைக்கு ஓர் எல்லை உண்டு, வாங்கிய பாட்டைக் கேட்பவன் என்ன செய்யலாம் என்று இசை நிறுவனங்கள் கட்டளையிடக் கூடாது என்று பேசும் நாமே, நம் நிரலைப் பயன்படுத்துபவனுக்குக் கட்டளையிடக் கூடாது. கிரெக்கும் பெருந்தன்மையோடு பேட்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மாட்யூல் என்றாலே வழிவந்த படைப்பு ஆகிவிடாது என்பதையும் டோர்வால்ட்ஸ் அதற்கு முன்பே, 2003-இல், சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய உதாரணமே ஒரு ஃபைல் சிஸ்டம்தான்: ஆண்ட்ரூ ஃபைல் சிஸ்டம். லினக்ஸுக்காக எழுதப்படாதது, வேறு யுனிக்ஸில் வளர்ந்தது, பிறகு லினக்ஸுக்கு வந்தது. அதை லினக்ஸிலிருந்து வழிவந்தது என்று எப்படிச் சொல்வது?

இசட்எஃப்எஸ்ஸின் கதை எழுத்துக்கு எழுத்து இதுதான். சோலாரிஸில் பிறந்தது. 2008-இல் வெளியான, ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் 7.0-இலேயே ஓடியது. அதே 2008-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிரையன் பெலெண்டார்ஃப் அதை லினக்ஸுக்குக் கொண்டுவரத் தொடங்கினார். சூப்பர் கம்ப்யூட்டர்களின் சேமிப்புக்காக. அதைத் தொடர்ந்து வளர்க்கும் திறமூலத் திட்டம் ஓப்பன்இசட்எஃப்எஸ்; 2020 கடைசியில் வந்த அதன் 2.0 முதல், லினக்ஸுக்கும் ஃப்ரீபிஎஸ்டிக்கும் ஒரே மூலநிரல். உங்கள் கெர்னலைப் பார்க்காமலே பல வருடம் வளர்ந்த நிரல் அது.

இப்போது 2019-க்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்தது அந்த ஆண்டுதான். அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

செக்சம் கணக்கிடுவதும், டிஸ்க் செத்தால் மீட்க உதவும் பேரிட்டி கணக்கிடுவதும், குறியாக்கம் செய்வதும் வேகமாக நடக்க வேண்டுமானால் சிபியுவின் அகலமான வெக்டர் பதிவேடுகள் (ஒரே நேரத்தில் பல எண்களைக் கையாளும் இடங்கள்) வேண்டும். கெர்னலுக்குள் இருந்து அவற்றைத் தொடுவதற்கு முன்னால், அப்போது ஓடிக்கொண்டிருக்கும் பயனர் நிரல் அவற்றில் வைத்திருக்கும் மதிப்புகளைப் பத்திரமாக எடுத்துவைக்க வேண்டும். முடிந்ததும் திருப்பி வைக்க வேண்டும். அடுத்தவர் வீட்டு அடுப்பில் சமைப்பதென்றால், அவர் வைத்திருந்த பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, நம் வேலை முடிந்ததும் திரும்ப ஏற்றிவிட்டு வருவது போல. அதற்கு கெர்னலில் ஒரு ஜோடி செயற்கூறுகள் உண்டு: எஃப்பியு பிகின், எஃப்பியு எண்ட். அவற்றில் ஒரு வடிவம் எல்லாருக்குமான வாசலிலும், இன்னொரு வடிவம் ஜிபிஎல் வாசலிலும் இருந்தன. 2019 மார்ச்சில் வந்த 5.0 கெர்னலில் முதலாவது காணாமல் போனது. பின்னர், பல வருடம் திருத்தங்கள் மட்டும் பெறும் நீண்டகால ஆதரவு வரிசைகளுக்கும் அந்த மாற்றம் இறங்கியது.

மரத்துக்குள் அதைப் பயன்படுத்துகிறவர் யாரும் மிச்சமில்லை, அதனால் எடுத்தோம் என்றீர்கள். உண்மைதான். உள் இடைமுகங்களை நிலையாக வைத்திருப்போம் என்று நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. ஒரு செயற்கூறின் பெயர் மாறினால், உள்ளீடுகள் மாறினால், ஓப்பன்இசட்எஃப்எஸ் குழு அதற்கேற்பத் தன் நிரலை மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு கெர்னல் வெளியீட்டுக்கும் அதைத்தான் செய்கிறார்கள், முணுமுணுக்காமல். இங்கே நடந்தது அது அல்ல. செயற்கூறு இருந்தது. வேலை செய்தது. ஜிபிஎல் வாசலுக்குப் பின்னால் மட்டும் இருந்தது. எல்லாருக்குமான வாசலில் அதை விடுங்கள் என்று கேட்டதற்கு வந்த பதில், தன் நிரல் லினக்ஸில் ஓடக் கூடாது என்று சன் வேண்டுமென்றே முடிவு செய்தது, அதற்காக நாங்கள் ஏன் கூடுதல் வேலை செய்ய வேண்டும் என்பது.

இந்தப் பதிலில்தான் எனக்கு நெஞ்சில் தைத்தது. பதிவேடுகளைப் பத்திரப்படுத்துவது கெர்னலின் குடலா? எந்தக் கெர்னலும் செய்தே தீர வேண்டிய வேலை அது. ஃப்ரீபிஎஸ்டியிலும் அதற்கு ஒரு செயற்கூறு உண்டு. இதே செக்சம் கணக்கு அங்கே அதைக் கூப்பிடுகிறது. ஒரே கணக்கு நிரல் அங்கே ஓடும்போது ஃப்ரீபிஎஸ்டியின் வாரிசும் ஆகாது, இங்கே ஓடும்போது லினக்ஸின் வாரிசும் ஆகாது. வழிவந்த படைப்பா என்ற கேள்வியை யாரும் கேட்கவே இல்லை. சன் என்ன நினைத்தது என்று கேட்டீர்கள். சன் 2010-இலேயே ஆரக்கிளோடு கலந்துபோன நிறுவனம். அன்று அங்கே இருந்தவர்களே இதில் ஒத்துப்போவதில்லை: வேண்டுமென்றே செய்தோம் என்று ஒருவர் சொன்னார், இல்லவே இல்லை என்று இன்னொருவர் மறுத்தார். அதற்கான பலனை 2019-இல் அனுபவித்தது சன் அல்ல. பேரிட்டிக் கணக்கும் குறியாக்கமும் மெதுவாகிப்போன பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான். அந்த ஆண்டுக்குள்ளேயே ஓப்பன்இசட்எஃப்எஸ் குழு, பதிவேடுகளைத் தாங்களே எடுத்துவைத்துத் திருப்பி வைக்கும் நிரலை எழுதிச் சேர்த்துக்கொண்டது. கெர்னலே பத்திரமாகச் செய்யக்கூடிய ஒரு நுட்பமான வேலையை, வாசல் சாத்தியிருந்ததால், வெளியே நின்று திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இதில் யாருடைய சுதந்திரம் பாதுகாக்கப்பட்டது?

இன்னொன்று, இதைவிடச் சத்தமில்லாமல் நடப்பது. எல்லாருக்குமான ஒரு செயற்கூறு தலைப்புக் கோப்பில் இன்லைனாக இருக்கும். அதற்குள்ளே நீங்கள் ஒரு புது வரி சேர்க்கிறீர்கள், அது ஜிபிஎல் வாசலில் உள்ள எதையோ கூப்பிடுகிறது. இன்லைன் என்பதால் அந்த அழைப்பு மாட்யூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், பல வருடமாகத் திறந்திருந்த வாசல் ஒரே நாளில் சாத்திவிடுகிறது, சாத்தியவருக்கே தெரியாது. பிளாக் சாதனங்கள் பக்கம் இப்படி நடந்திருக்கிறது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை.

உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. 2020 ஜனவரியில் டோர்வால்ட்ஸ், ஆரக்கிளின் தலைமைச் சட்ட ஆலோசகரோ அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான லாரி எலிசனோ கையெழுத்திட்ட கடிதம் வராமல் இசட்எஃப்எஸ்ஸைக் கெர்னலில் சேர்க்க மாட்டேன் என்றார். ஜாவா இடைமுகங்களுக்காக கூகுள் மீது 2010-இல் போட்ட வழக்கை ஆரக்கிள் 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் வரை இழுத்தது. அதைப் பார்த்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். கெர்னலில் சேர்க்காதீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. அவர் அதோடு நிற்காமல் இசட்எஃப்எஸ்ஸைப் பயன்படுத்தாதீர்கள் என்றும் சொன்னார். அந்தப் பாதி நெற்றியைப் பார்த்த பிறகு எனக்கு அந்த அறிவுரை எட்டவில்லை.

ஆரக்கிளுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும், இந்த மடல் அங்கேயும் போய்ச் சேர்ந்தால். உரிமங்களைச் சேர்த்துவைக்க வழி இருக்கிறது என்பதற்குத் தமிழர்களுக்குக் கையருகே ஓர் உதாரணம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா உட்பட எல்லா விக்கிப்பீடியாக்களும் முதலில் குனூ ஆவண உரிமத்தில் இருந்தன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் உள்ளவற்றோடு அவற்றைக் கலக்க முடியாமல் இருந்தது. 2008 நவம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அந்த உரிமத்தின் 1.3 பதிப்பை வெளியிட்டு, விக்கிகள் மாறிக்கொள்ள ஒரு கதவைத் திறந்தது. 2009 ஜூனில் எல்லாம் மாறின. யாரோ ஒருவர் எழுதிய கட்டுரையை இன்னொருவர் பாடப்புத்தகத்தில் சேர்க்க முடிந்தது. சிடிடிஎல்லின் தாய் மொசில்லா உரிமம் 1.1. அந்தத் தாயே 2012-இல் 2.0 ஆக வந்தபோது ஜிபிஎல்லோடு சமாதானம் ஆகிவிட்டாள். ஆரக்கிளே, சன்னிலிருந்து வந்த டிடிரேஸ் என்ற கருவியின் கெர்னல் பகுதியை சிடிடிஎல்லிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாற்றித் தந்திருக்கிறது. சிடிடிஎல்லுக்குப் புதுப் பதிப்பு எழுதும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. சில கோப்புகள் 1.0-க்கு மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டிருக்கின்றன, அவற்றை எழுதியவர்களிடம் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும். ஆனால் சன் எழுதிய மூலப்பகுதிக்கு முதல் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், மற்றவர்களிடம் கேட்கப் போகிறவர்களுக்கு முகம் இருக்கும்.

அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரை நான் உங்களிடம், கெர்னல் பராமரிப்பாளர்களிடம், கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை.

எல்லாருக்குமான வாசலில் இருந்த ஒன்றை மூடும்போதோ, ஒன்றை ஜிபிஎல் வாசலுக்கு மட்டும் வைக்கும்போதோ, பேட்சின் விளக்கத்தில் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இதைக் கூப்பிடுகிற நிரல் ஏன் கெர்னலின் வழிவந்த படைப்பு ஆகிறது என்று. எழுத முடிந்தால் மூடுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன். எழுத வராவிட்டால் அந்த வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கட்டும். ஆட்களைப் பிடிக்கவில்லை, நிறுவனத்தைப் பிடிக்கவில்லை என்பது அந்த வாக்கியத்தில் வரக் கூடாது.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால், நீண்டகால ஆதரவு வரிசையில் அதை இறக்காதீர்கள். பாதுகாப்புத் திருத்தம் என்று நம்பி நாங்கள் போடும் அப்டேட் அது. புதிய கெர்னலில் எது உடைந்தாலும் பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் தயாராகத்தான் போகிறோம். பழைய வரிசையில் உடைந்தால், அடுத்த தடவை பாதுகாப்பு அப்டேட் போடவே கை தயங்கும். அந்தத் தயக்கம் யாருக்கும் நல்லதில்லை.

அப்புறம் அந்த ஒன்று. மூலநிரல் முழுவதும் வெளியே இருக்கிற, ஓஎஸ்ஐ ஏற்றுக்கொண்ட உரிமத்தில் இருக்கிற, ஆனால் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாத மாட்யூல்களுக்குக் கறைக் கணக்கில் தனியாக ஓர் எழுத்து வையுங்கள். இதனால் ஜிபிஎல் வாசல் எதுவும் திறக்காது. இசட்எஃப்எஸ்ஸுக்கு இன்று சாத்தியிருப்பது அன்றும் சாத்தியே இருக்கும். வழுவை அறிக்கையிடும்போது 'கறை படிந்த கெர்னல், போய் வா' என்று நீங்கள் சொல்ல விரும்பினால் அப்போதும் சொல்லலாம். ஆனால் அந்த அறிக்கையைப் படிக்கிறவருக்கு ஒரு விஷயம் தெரியும்: இந்தப் பெட்டியில் ஏறியிருக்கும் மாட்யூலைத் திறந்து படிக்க முடியும், வழு அதில்தான் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க முடியும். மூலநிரல் கிடைக்காத டிரைவரால் வந்த கறைக்கும் இதற்கும் உள்ள அந்த வித்தியாசம் உங்கள் வேலைக்கே உதவும்.

சில வரிப் பேட்ச்தான் இது என்று நினைக்கிறேன். உரிமச் சரத்தைச் சோதிக்கும் இடத்தையும் கறை எழுத்துகளின் அட்டவணையையும் பார்த்துவிட்டேன். சி மொழி எனக்கு வேலைக்குப் போதுமான அளவுக்குத் தெரியும். உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கு இதுவரை நான் எதையும் அனுப்பியதில்லை. இந்த மாதக் கடைசியில் ஸ்கிரப் முடிந்ததும் ஒரு வரைவு அனுப்புகிறேன். திருத்தம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள், சரிசெய்து மறுபடி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஸ்டுடியோவின் மூலைப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவன்,
தஞ்சாவூர்